பச்சை மண்ணுக்கு வலிக்காதா?

1980கள் வரைக்கும் உலகத்தின் பெரிய பெரிய மருத்துவமனைகள் பலவற்றில், அதுவும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுக்கு வலி மருந்து கொடுக்காமல் அறுவை சிகிச்சை செய்தார்கள். குழந்தை அசையக்கூடாதே, அதற்காகத் தசையை முடக்கும் மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து தூங்க வைக்காது, வலியைக் குறைக்காது. கை, கால், தொண்டை எல்லாவற்றையும் கட்டிப்போடும், அவ்வளவுதான். கருவி மூச்சு விடும், கத்தி இறங்கும். குழந்தையால் அழக்கூட முடியாது.

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் ஜெஃப்ரி லாசன் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். 1985ல் வாஷிங்டனில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை. இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் ஒன்று பிறந்த பிறகு தானாக மூட வேண்டும், அது மூடவில்லை. நெஞ்சைத் திறந்து அதைக் கட்டினார்கள். கொடுத்தது பான்குரோனியம் என்ற தசை முடக்கி மட்டும். சில வாரங்களில் குழந்தை இறந்துவிட்டது. அதன் பிறகுதான் தாய் ஜில் லாசன் மருத்துவக் குறிப்புகளை வாங்கிப் படித்தார், விஷயம் தெரிந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவருக்குக் கிடைத்த பதில், குறைமாதக் குழந்தைகளுக்கு வலி தெரியும் என்று யாரும் நிரூபிக்கவில்லை என்பதுதான். அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. எழுதினார், பேசினார், 1986ல் பத்திரிகைகளில் வந்தது. அதற்குப் பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

"நிரூபிக்கவில்லை"! இந்த ஒரு வார்த்தை மேல்தான் எனக்குக் கோபம். வலிக்காது என்று நிரூபித்தது யார்? அதை மட்டும் யாரும் கேட்கவே இல்லை பாருங்கள்.

கேட்டால் காட்டுவதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி வைத்திருந்தார்கள். 1941ல் மிர்ட்டில் மெக்ரா என்பவர் 75 குழந்தைகளைக் குண்டூசியால் குத்திப் பார்த்தார். பிறந்த சில நாட்களில் சில குழந்தைகள் சரியாக எதிர்வினை காட்டவில்லை என்று எழுதினார். அதை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் ஓட்டினார்கள். இன்னொரு வாதம், குழந்தையின் நரம்புகளுக்கு மேலுறை (மயலின்) முழுதாக வளரவில்லை, அதனால் வலி மூளைக்குப் போகாது என்பது. நான் விலங்கியல் மாணவி, மருத்துவம் படிக்கவில்லை. ஆனால் இந்த வாதத்தின் ஓட்டை எனக்கே தெரிகிறது. பெரியவர்களுக்கே வலியை எடுத்துச் செல்லும் நரம்பிழைகளில் பெரும்பகுதிக்கு மேலுறை கிடையாது! சி இழைகள் என்று பாடத்தில் வருகிறது. மேலுறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், போகாமல் இருக்காது. குழந்தையின் உடம்பிலோ கால் விரலுக்கும் மூளைக்கும் உள்ள தூரமே ஒன்றரை அடிதான். மெதுவாகப் போனாலும் எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து டாக்டர்கள் எல்லோரும் அரக்கர்கள் இல்லை. ஹாலோத்தேன் மாதிரியான மயக்க மருந்து கொஞ்சம் கூடினாலும் பிஞ்சு இதயம் சோர்ந்துவிடும். மயக்கத்தில் பறிகொடுத்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவர்கள் அவர்கள். லிவர்பூலில் ஜாக்சன் ரீஸ் என்று ஒரு மேதை இருந்தார். 1950ல் அவர் செப்பனிட்டுக் கொடுத்த சுவாசக் குழாயமைப்பு இன்றும் அவர் பெயரிலேயே அறுவை அரங்குகளில் இருக்கிறது. அதற்கு மூலமான 'டி' குழாயை 1937ல் செய்தவர் ஃபிலிப் அய்ர். அவரே பிளந்த உதட்டோடு பிறந்தவர். உதடு பிளந்த குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கத்தான் அதைச் செய்தார். இப்படிப்பட்டவர்களால்தான் குழந்தைகள் அறுவை மேசையிலிருந்து உயிரோடு திரும்பினார்கள். ஆனால் லிவர்பூல் முறை என்று பரவியதில் இருந்தது நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் தசை முடக்கியும்தான். வலுவான வலிநிவாரணி அதில் இல்லை. உயிரைக் காப்பாற்றியதே பெரிது, வலி போனால் என்ன வந்தால் என்ன என்று ஆகிவிட்டது. பயத்தில் தொடங்கியது பழக்கமாகி, பிறகு அதுவே விஞ்ஞானம் என்று ஆகிவிட்டது.

இதை உடைத்தவர் நம் நாட்டுக்காரர். கன்வல்ஜீத் சிங் ஆனந்த். இந்தூர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனவர். அங்கே பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. தன் கண்காணிப்பில் ஓரளவு நன்றாக இருந்த குழந்தைகள் அறுவைக்குப் போய்த் திரும்பும்போது சாம்பல் நிறத்தில், மூச்சு மேலோட்டமாக, நாடி தளர்ந்து வருவதைப் பார்த்தார். அறுவை அரங்கில் அப்படி என்னதான் நடக்கிறது என்று கூடவே போய் நின்றார். வலி மருந்து கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கோபப்பட்டுக் கத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அளந்தார். 16 குறைமாதக் குழந்தைகள், எல்லோருக்கும் அதே ரத்தக்குழாய் அறுவை. பாதிப் பேருக்கு வழக்கப்படி நைட்ரஸ் ஆக்சைடும் தசை முடக்கியும். மீதிப் பேருக்கு அதோடு ஃபென்டனில் என்ற வலிநிவாரணி. ரத்தத்தில் அட்ரினலின் போன்ற நெருக்கடி ஹார்மோன்களை அளந்து பார்த்தார்கள். ஃபென்டனில் கிடைக்காத குழந்தைகளுக்கு அவை எகிறிக் குதித்திருந்தன. அறுவைக்குப் பிறகு சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். வாய் பேசாத குழந்தைக்குப் பதிலாக ரத்தம் பேசியது. 1987 ஜனவரியில் 'லான்செட்' இதழில் வந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. லண்டன் பத்திரிகை ஒன்றும் சில நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஆனந்த் குழுவினர் மேலேயே பாய்ந்தார்கள், பாதிக் குழந்தைகளுக்கு வலி மருந்து கொடுக்காமல் சோதனை செய்தார்களாம்! அய்யா, அந்தப் பாதிக்குக் கிடைத்ததுதானே நாடு முழுக்க எல்லாக் குழந்தைக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது? அதைப் பற்றி அதுவரை ஒரு வரி எழுதியதுண்டா?

அதே 1987ல் ஆனந்தும் பால் ஹிக்கியும் சேர்ந்து 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் எழுதிய நீண்ட கட்டுரைதான் மயலின் வாதத்தைப் புதைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அந்த வருஷமே, வயதை மட்டும் காரணம் காட்டி வலி மருந்தை மறுக்காதீர்கள் என்று அறிவித்தது. 1992ல் இருவரும் இன்னொரு முடிவு வெளியிட்டார்கள். இதய அறுவை செய்த 45 பச்சிளம் குழந்தைகள். வழக்கமான ஹாலோத்தேன், மார்ஃபின் கொடுத்த 15 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஆழமான வலிநிவாரணத்துக்காகச் சுஃபென்டனில் கூடுதல் அளவில் கொடுத்த 30 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. வலியைக் குறைப்பது ஏதோ கருணை, வசதி இருந்தால் செய்யலாம் என்று நினைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். ஆனந்த் பிறகு ஸ்டான்ஃபோர்டில் குழந்தை மருத்துவம், மயக்கவியல் இரண்டுக்கும் பேராசிரியர் ஆனார். 2015ல் அதே ஆக்ஸ்ஃபோர்டில் வேறொரு குழு பச்சிளம் குழந்தைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தது. பெரியவர்களுக்கு வலிக்கும்போது வேலை செய்யும் 20 மூளைப் பகுதிகளில் 18 குழந்தைகளுக்கும் வேலை செய்தன.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, சித்தன்னவாசலுக்கும் இதற்கும் என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது.

எங்கள் ஊரை ஓவியத்துக்காகத்தான் எல்லோருக்கும் தெரியும். புதுக்கோட்டையிலிருந்து 16 கி.மீ. வண்டி கட்டி வருவார்கள், அறிவர் கோயிலில் தாமரைக் குளத்தைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் வரைக்கும் ஏறுபவர்கள் குறைவு. அங்கே பாறையில் வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய காலத்துத் தமிழ் பிராமி எழுத்து ஒன்றில் இருக்கிறது. சமண முனிவர்கள் படுத்த இடம். உடம்பை வருத்தி, பட்டினி கிடந்து தவம் இருந்தவர்கள். அந்தக் கல்லில் கை வைத்தால் எனக்கு மரியாதைதான் வரும். ஏன் என்றால் அவர்கள் தாங்களாகத் தேர்ந்துகொண்டார்கள். வளர்ந்த ஆள், புத்தி தெளிந்து, இந்த வலி எனக்கு வேண்டும் என்று ஏறிப் போய்ப் படுத்தார்.

மூன்று வயதுக் குழந்தை எந்தக் குன்றில் ஏறியது? அதற்கு எதற்குக் கற்படுக்கை?

என் அக்கா மகனுக்குத் தொடையில் கட்டி. சீழ் வைத்துவிட்டது. ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம், எங்கே போனாலும் இதே கதைதான்) கட்டுப் போடும் அறையில் வைத்து நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, கீறி எடுத்தார்கள். "ரெண்டு நிமிஷ வேலைம்மா, அழுதா அழுதுட்டுப் போறான். நீங்க வெளியில நில்லுங்க." அந்த ரெண்டு நிமிஷம் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் ஓடியது. வெள்ளைச் சட்டை போட்டவர் யார் வந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரைப் பார்த்தும் போனான். சீழ் கோத்த இடத்தில் மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது என்று பிறகு படித்தேன். உண்மைதான், அங்கே அமிலத்தன்மை கூடுதல். அதற்காக ஒன்றுமே கொடுக்காமல் கீறலாம் என்றா அர்த்தம்? கொஞ்ச நேர மயக்கம் கொடுக்கத்தானே ஒரு மருத்துவர் தனியாகப் படித்துவிட்டு வருகிறார்?

இதில் டாக்டரை மட்டும் திட்டினால் அது அரைகுறை நியாயம். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை வீறிடுகிறது, மேளம் அதை அமுக்குகிறது, சுற்றி நின்று சிரிக்கிறோம், செல்போனில் படம் பிடிக்கிறோம். "பச்சை மண்ணு, அதுக்கு என்னத்த தெரியும், நாளைக்கே மறந்துடும்" என்பார் என் அப்பத்தா. காது குத்தாதே என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கும் ரெண்டு காதிலும் தோடு இருக்கிறது. வலிக்காது, மறந்துவிடும் என்று சொல்லாதீர்கள் என்கிறேன். மறப்பதாவது! கனடாவில் அன்னா டாடியோ என்பவர் 1997ல் ஒன்றைக் கண்டுபிடித்தார். பிறந்த சில நாளில் முன்தோல் நீக்கப்பட்ட ஆண் குழந்தைகளை 4 முதல் 6 மாதத்தில் தடுப்பூசி போடும்போது கவனித்தார். முன்பு மரப்புக் களிம்பு இல்லாமல் வெட்டப்பட்டவர்கள் தடுப்பூசிக்கு அதிகமாகத் துடித்தார்கள். களிம்பு பூசியவர்கள் அவ்வளவு துடிக்கவில்லை. மனதுக்குத் தெரியாவிட்டாலும் உடம்பு கணக்கு வைத்திருக்கிறது.

இப்போது அந்த 'மயக்க டாக்டர்' விஷயம். நம் ஊரில் அவர் யார் கண்ணுக்கும் தெரியாத ஜீவன். அறுவை செய்த டாக்டருக்கு ஃபிளெக்ஸ் உண்டு, சால்வை உண்டு, குழந்தைக்கு அவர் பெயர்கூட வைப்பார்கள். மயக்க டாக்டர் பெயரைக் கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏதோ ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைப்பு. போகமாட்டார். கடைசித் தையல் வரைக்கும், குழந்தை கண் விழிக்கும் வரைக்கும் தலைமாட்டில் நிற்பவர் அவர்தான்.

அவர் என்ன கணக்குப் போடுகிறார் தெரியுமா? மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லிதான். ரெண்டு டீ கிளாஸ். ஒரு துணி நனைகிற அளவு ரத்தம் போனாலே அதில் பெரும்பங்கு. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் குழந்தை பெரியவர்களைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆக்சிஜன் செலவழிக்கிறது, நெஞ்சில் சேமிப்போ குறைவு. மூச்சு கொஞ்சம் தடைபட்டாலும் நீலம் பாரித்துவிடும். தலை பெரிது, நாக்கு பெரிது, தொண்டைக் குழாய் நம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். பெரியவர்களுக்கான மருந்தை வகுத்துக் கொடுத்தால் போதும் என்ற சமாச்சாரமே இல்லை. குழந்தை மயக்கவியல் தனிப் படிப்பாக இருப்பது இதனால்தான். நம் தமிழ்நாட்டிலேயே வேலூர் சி.எம்.சி.யில் ரெபேக்கா ஜேக்கப் இதற்காகவே உழைத்து, நம் ஊர் டாக்டர்களுக்கு உதவும்படி குழந்தை மயக்கவியலுக்கு ஒரு பாடநூலையும் தொகுத்தார். வெளிநாட்டு இளம் மருத்துவர்கள்கூட வந்து பயின்ற இடம் அது. அந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

2017ல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1886ல் பிறந்த ஊருக்கு 131 வருஷம் கழித்து வந்த கல்லூரி! சந்தோஷம்தான். கட்டடம் வந்ததும் எல்லாம் வந்துவிட்டதாக நினைக்கிறோமே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஸ்கேன் மெஷின் கேட்கிறோம், ஆம்புலன்ஸ் கேட்கிறோம். குழந்தைக்கு மயக்கம் கொடுக்கப் பழகிய டாக்டர் ஒருவர் ராத்திரியிலும் இருக்கிறாரா என்று ஒருவராவது கேட்டோமா?

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். "மயக்க மருந்து கொடுத்தால் பிள்ளைக்கு மூளை மந்தமாகிவிடும்" என்ற பயம் படித்தவர்களிடமே இருக்கிறது. பயம் முழுக்க ஆதாரமில்லாததும் அல்ல. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பதில் கவனம் தேவை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016ல் எச்சரித்தது. ஆனால் 7 நாடுகளில் 722 கைக்குழந்தைகளை ஐந்து வயது வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2019ல் வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரே ஒரு முழு மயக்கத்தால் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. கட்டி கீற, குடலிறக்கம் தைக்க அவ்வளவு நேரமே ஆகாது.

மருந்தை அள்ளிக் கொட்டுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனந்தே 2004ல் 898 குறைமாதக் குழந்தைகளை வைத்து, மூச்சுக் கருவியில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவாக மார்ஃபின் ஏற்றினால் நல்லதா என்று பார்த்தார். பலன் இல்லை என்று வந்தது. தான் வாழ்நாள் முழுக்கப் போராடிய கட்சிக்கு எதிரான முடிவு, அதையும் மறைக்காமல் வெளியிட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அங்கேதான். எந்தக் குழந்தைக்கு, எந்த வலிக்கு, எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டும். "வலிக்காது" என்ற ஒற்றைச் சொல்லால் அந்த யோசனையையே தவிர்த்ததுதான் குற்றம்.

காசு இல்லை என்ற சாக்கும் செல்லாது. தடுப்பூசி வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன வழிகளைப் பாருங்கள். குழந்தையை அமுக்கிப் படுக்க வைக்காமல் தாய் மடியில் வைத்துக்கொள்வது. ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுப்பது. ரெண்டு மூன்று ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுவது. இதற்கெல்லாம் எந்த டெண்டர் விட வேண்டும்? பச்சிளம் குழந்தைக்குக் குதிகாலில் ரத்தம் எடுப்பதற்கு ரெண்டு நிமிஷம் முன்னால் நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல் வைக்கிற வழக்கமும் மருத்துவமனைகளில் இருக்கிறது (வீட்டில் நீங்களாக முயற்சி செய்யாதீர்கள், அப்பத்தாமார்களுக்கும் சொல்லி வையுங்கள்).

அப்பத்தா என்றதும் இன்னொன்று. அறுவைக்கு முன் வெறும் வயிறு என்று சொல்லியிருப்பார்கள், பிள்ளை பசியில் அழுகிறதே என்று ஒளித்து வைத்துப் பால் புகட்டிவிடுவார்கள். மயக்கத்தில் அந்தப் பால் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தாய்ப்பால் என்றால் வழக்கமாக 4 மணி நேரம் இடைவெளி கேட்பார்கள். தண்ணீருக்கு அதைவிடக் குறைவு. எத்தனை மணிக்குக் கடைசியாகக் கொடுக்கலாம் என்று மயக்க டாக்டரிடமே கேளுங்கள். ஒருவேளை யாராவது கொடுத்துவிட்டால் திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். அப்படியே பிள்ளைக்கு வலிக்காமல் இருக்க என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் கேளுங்கள். "நீங்க வெளியில நில்லுங்க" என்று சொன்னால், பதில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.